பணிக்கருக்கு ஒரு பேரேடு
(கூத்தாநல்லூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரை மனத்தில் வைத்து நான் செய்த படம் ஒன்று பக்கத்து அறையில் மாட்டப்பட்டிருக்கிறது. நாம் மதிக்கும் நவீன ஓவியர் ஒருவருக்கு இன்னொரு ஓவியத்தால் மரியாதை செய்வது எப்படி என்று அந்தப் படத்தை முன்வைத்துப் பேசச் சொன்னார்கள். படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் சிலர், "இதில் பணிக்கர் எங்கே இருக்கிறார்?" என்று கேட்டார்கள். அவர் முகம் அதில் இல்லை. அவர் வரைந்த எந்தப் படத்தின் நகலும் இல்லை. இருந்தும் அது முழுக்க முழுக்க அவருக்காகச் செய்தது. அது எப்படி என்று சொல்வதுதான் இன்றைய என் வேலை.

முதலில் அவரைப் பற்றிக் கொஞ்சம். பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சிறுவயதில் வளர்ந்தது கேரளத்தில் பொன்னானிப் பக்கம், வாய்க்காலும் தோணியும் தென்னையும் நிறைந்த பூமி. குடும்பத்துக்காகத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். அதை விட்டுவிட்டு 1936-இல், இருபத்தைந்து வயதில், சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய பள்ளி அது. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்போது அங்கே முதல்வர். பணிக்கர் படித்து முடித்து அங்கேயே ஆசிரியரானார். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957 முதல் 1967 வரை பள்ளியின் முதல்வராக இருந்தார். ஆதிமூலம், ஆர்.பி. பாஸ்கரன் முதலியவர்கள் அவர் காலத்தில் அங்கே படித்து வந்தவர்கள்தாம்.

படித்து முடித்த பிள்ளைகள் ஓவியத்தை நம்பிப் பிழைக்க முடியாமல் வேறு வேலை தேடிப் போவதை அவர் பார்த்தார். மெழுகிட்டுச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி செய்து விற்கலாம், அந்த வருமானத்தில் வயிற்றைப் பார்த்துக்கொண்டு மிச்ச நேரத்தில் மனம் விரும்பியதை வரையலாம் என்று வழி காட்டினார். அப்படிச் சேர்ந்த பணத்தில் ஓவியர்கள் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். 1966-இல் அங்கே ஓவியர் கிராமம் எழுந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் சோழமண்டலம். நம் மண்ணின் பெயர். மலாயாவிலிருந்து வந்த பாத்திக் கைலிகளை உடுத்தி வளர்ந்த ஊர் நம்முடையது. அதே மெழுகும் சாயமும் அங்கே ஓவியர்கள் குடியேறுவதற்கான மனைக்குக் காசு கொடுத்திருக்கின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பணிக்கர் 1977 ஜனவரியில் மறைந்தார்.

இப்படிப்பட்ட ஒருவருக்கு ஓவியத்தால் மரியாதை செய்ய நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது அவர் உருவப்படம். தாடி, கண்ணாடி, பின்னால் ஒரு ஒளிவட்டம். தலைவர்களுக்கு நாம் செய்வது அதுதான். தெருமுனை ஃபிளெக்ஸ் தட்டியில் நம்மை விட்டுப் போனவர்களுக்குச் செய்வதும் அதுதான். அன்பில் செய்கிறோம், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஓவியர் விஷயத்தில் அது போதாது. அவர் ஆயுள் முழுவதும் நமக்குக் காட்ட முயன்றது தம் முகத்தை இல்லை. அவர் பார்த்ததை நாமும் பார்க்க வேண்டும் என்றுதான் பாடுபட்டார்.

அடுத்து வருவது நகல். அவருடைய புகழ்பெற்ற படம் ஒன்றை எடுத்து அச்சு அசலாக வரைவது. கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது, மாணவர்கள் கட்டாயம் செய்ய வேண்டும். ஒரு கோட்டை நகல் எடுக்கும்போதுதான் அந்தக் கை எங்கே வேகம் எடுத்தது, எங்கே நின்றது என்று நம் மணிக்கட்டுக்குத் தெரியும். ஆனால் அது பயிற்சி. பயிற்சி நகலின் பின்பக்கத்தில் 'இன்னாருடைய படத்தைப் பார்த்து வரைந்தது' என்று எழுதி, தேதி போட்டு வைக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி ஓவியர் இறந்த பிறகும் அறுபது ஆண்டுகள் அவர் படங்களுக்குப் பதிப்புரிமை உண்டு. பணிக்கர் படங்களுக்கு அது 2037 முடியும் வரை செல்லும். இதை மாணவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முகமும் நகலும் போனால் மிச்சம் என்ன? நம் முன்னோர்கள் இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். சங்கீதத்தில் கண்டார்கள், கவிதையில் கண்டார்கள். ஓவியத்தில்தான் நாம் அதை மறந்து நிற்கிறோம்.

இங்கிருந்து பஸ் ஏறினால் திருவாரூர். தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் பிறந்த ஊர். ஆண்டுதோறும் திருவையாற்று ஆராதனையில் நூற்றுக்கணக்கான வித்துவான்கள் உட்கார்ந்து தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் நகல் எடுக்கிறார்கள் என்று சொல்வதில்லை. கீர்த்தனை அவருடையது, குரல் இவர்களுடையது. கச்சேரியில் ஒரு கீர்த்தனையைப் பாடும்போது நிரவலும் கற்பனை ஸ்வரமும் அந்த நேரத்தில் பிறப்பவை. பெரியவரை நினைப்பதும் தம்முடையதைச் செய்வதும் அங்கே ஒரே காரியம்.

ஐரோப்பாவில் ஓர் ஓவியர் இதே நியாயத்தைத் தமக்குச் சொல்லிக்கொண்டார். வின்சென்ட் வான்கோ 1889-இல் பிரான்சின் தெற்கே சேன்-ரெமியில் மனநல விடுதி ஒன்றில் இருந்தார். உடம்பு முடியாமல் வெளியே போய் வரைய முடியாத நாள்கள் பல. அவருக்கு முந்திய தலைமுறையில் உழவர்களை வரைந்த மிலே என்ற ஓவியரிடம் அவருக்குத் தீராத பக்தி. மிலேயின் படங்களுடைய கறுப்பு வெள்ளை அச்சுகளை எதிரில் வைத்துக்கொண்டு, விதைப்பவர், கதிர் அறுப்பவர், வைக்கோல் போர் நிழலில் உறங்கும் தம்பதி என்று இருபது படங்களுக்கு மேல் எண்ணெய் வண்ணத்தில் செய்தார். இன்னொருவர் இயற்றிய இசையைத் தன் போக்கில் வாசிக்கும் இசைக்கலைஞனைப் போலத்தான் இதைச் செய்கிறேன் என்று தம்பி தியோவுக்கு விளக்கி எழுதினார். உருவங்கள் மிலேயுடையவை. அந்த நீலமும் மஞ்சளும் மிலே கனவிலும் கண்டிராதவை. நேரடி விதைப்புக்குப் புழுதி வயலில் இறங்கி நெல்லைத் தெளித்த கை உங்களில் பலருக்கு உண்டு. அந்த விதைப்பவர் படத்தை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். தோளிலிருந்து கை வீசும் வாகு உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்த உதாரணத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். இது நம் வீட்டு உதாரணம்.

உமறுப் புலவர் கம்பரைத் தம் ஆசானாக வரித்துக்கொண்டவர். நபிகள் பெருமானாரின் வரலாற்றை 5027 விருத்தங்களில் சீறாப்புராணமாகப் பாடினார். காப்பியத்தின் கட்டுமானம், படலப் பிரிப்பு, விருத்தத்தின் நடை எல்லாவற்றிலும் கம்பரின் தடம் தெரியும். நாட்டுப் படலத்தைத் திறந்து பாருங்கள். அரபு நாட்டைப் பாட வேண்டிய இடத்தில் மழை பெய்கிறது, ஆறு பெருகுகிறது, மடை திறக்கிறது, உழவர்கள் நாற்று நடுகிறார்கள், நெல் விளைகிறது. பாலைவனத்தில் ஏது நெல் என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களுக்குக் கவிதை போய்ச் சேரவில்லை என்றுதான் நான் நினைப்பேன். தேரழுந்தூர்க் கம்பர் கோசல நாட்டைக் காவிரி நாடாகப் பார்த்தார். உமறு அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு மக்கத்து மண்ணிலும் நம் மருத நிலத்தைக் கண்டார். கம்பரின் ஒரு பாட்டைக்கூட அவர் திருப்பிப் பாட வேண்டியிருக்கவில்லை. கம்பர் செய்த வேலையைத் தம் பொருளில் தொடர்ந்தார். ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனுக்குச் செய்யக்கூடிய மரியாதை இதற்கு மேல் என்ன இருக்கிறது?

ஓவியத்தில் இதற்கு இணையாக ஒன்று சொல்லலாம். அம்ரிதா ஷேர்கில் 1913-இல் புடாபெஸ்டில் பிறந்தவர். தந்தை சீக்கியர், தாய் ஹங்கேரியர். பாரிசில் படித்துக்கொண்டிருந்தபோது பால் கோகனின் தஹிதித் தீவுப் படங்கள் அவரை ஆட்கொண்டன. 1934-இல் தம்மையே தஹிதிப் பெண்ணாக வரைந்தார். கோகன் வெளியிலிருந்து போய்த் தீவுப் பெண்களைப் பார்த்து வரைந்தவர். அம்ரிதாவோ அந்தப் பெண்ணின் இடத்தில் தம்மை நிறுத்திக்கொண்டார். மாநிறத் தோள்கள், எங்கோ பார்க்கும் கண்கள், பின்னால் சுவரில் ஓர் ஆணின் நிழல். கோகனுக்கு வணக்கமும் அதில் இருக்கிறது, கோகனிடம் ஒரு கேள்வியும் இருக்கிறது. பெரியவரை வணங்கிக்கொண்டே அவரிடம் கேள்வி கேட்கலாம் என்பதற்கு இந்தப் படத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அம்ரிதா இருபத்தெட்டு வயதில் 1941-இல் லாகூரில் இறந்துபோனார். அவருடைய தங்கை மகன் விவான் சுந்தரம் அறுபது ஆண்டுகள் கழித்து, தாத்தா உம்ராவ் சிங் எடுத்த குடும்பப் புகைப்படங்களைக் கணினியில் இணைத்துப் பிணைத்து அம்ரிதாவுக்கு ஒரு புகைப்பட வரிசை செய்தார். கோகனுக்கு அம்ரிதா, அம்ரிதாவுக்கு விவான் என்று அந்தச் சங்கிலி போகிறது.

நூலால் செய்த மரியாதையும் ஒன்று உண்டு. ஈழத்தில் மாற்கு என்ற ஓவிய ஆசிரியர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கு நவீன ஓவியத்தைக் கண்ணில் காட்டியவர். 1987-இல், போர்ச் சூழலுக்கு நடுவில், அவரைச் சிறப்பித்து 'தேடலும் படைப்புலகமும்' என்று ஒரு நூல் கொண்டுவந்தார்கள். அந்தச் சமயத்தில் ஓர் ஓவியரை நினைத்து நூல் போட வேண்டும் என்று தோன்றிய மனசு பெரிய மனசு.

இனி பணிக்கரின் வேலைக்கு வருகிறேன். அவரும் ஆரம்பத்தில் வான்கோவில் ஊறியவர்தான். பொன்னானி நீர்ப்பரப்புகளை நீர்வண்ணத்தில் அழகாக வரைந்தவர், அன்னையும் சேயும், தோட்டம் என்று வரிசை வரிசையாகச் செய்தவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 1963 வாக்கில், எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கினார். 'சொற்களும் குறியீடுகளும்' என்று அந்த வரிசைக்குப் பெயர். ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம்தான் அதற்கு வித்திட்டது என்பார்கள். வெளிறிய தளம். அதன் மேல் மெல்லிய கோடுகள், ஜாதகக் கட்டங்கள், யந்திர வரைகள், கணக்குக் குறிகள், மலையாள எழுத்தைப் போன்ற எழுத்துகள், நடுநடுவே ஒரு மீன், ஒரு பறவை. கிட்டே போய் வாசிக்கப் பார்த்தால் வாசிக்க வராது. தள்ளி நின்று பார்த்தால் ஏதோ ஒரு பழைய ஏடு நம்மிடம் பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

இதில் அவர் எடுத்துக்கொண்ட வேலை என்ன? நம் நாட்டில் மனிதர்கள் கணக்கு எழுதியதும், நாள் குறித்ததும், நோய்க்கு மந்திரித்ததும், நிலம் அளந்ததும் எல்லாம் கோடும் எழுத்துமாகத்தான். அந்தக் கோட்டில் ஓர் அழகு இருக்கிறது. எழுதியவர் அழகுக்காக எழுதவில்லை, அதனாலேயே அது திடமான அழகு. மேல்நாட்டுப் படங்களைப் பார்த்து நவீனம் கற்ற ஓவியர் ஒருவர், நம் வீட்டுப் பரணில் கிடக்கும் காகிதத்தில் நவீன ஓவியம் ஏற்கெனவே இருக்கிறது என்று கண்டுகொண்டார். அந்த வேலையை அவர் ஜாதகத்தையும் மலையாள எழுத்தையும் வைத்துச் செய்தார். கூத்தாநல்லூர்க்காரன் எதை வைத்துச் செய்வான்?

நம் ஊர் சபுராளிகளின் ஊர், அதாவது நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் ஊர். 1926-இல் கட்டிய ரஜுலா கப்பல் எத்தனை தலைமுறையை ஏற்றி இறக்கியது என்று இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். கடல் தாண்டிப் போனவர்கள் இரண்டு காரியத்தை விடாமல் செய்தார்கள். கணக்கு எழுதினார்கள், கடிதம் எழுதினார்கள். எங்கள் பாட்டனார் பினாங்குக் கடையில் எழுதிய பேரேடு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. சிவப்புத் துணி அட்டை. முதல் பக்கத்தின் தலையில் 786. அதன் கீழே வரவு, பற்று. தொகைகள் சில தமிழ் எண்களில், சில ஆங்கில எண்களில். ஓரத்தில் ஊரில் உள்ள நிலத்தின் கணக்கு, மாவும் குழியுமாக. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று வாய்ப்பாடாகச் சொல்லி வளர்ந்த தலைமுறை அது. இடையிடையே அரபுத்தமிழில் கிறுக்கிய குறிப்புகள்.

அரபுத்தமிழைப் பற்றி இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை அது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்தில் புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய எழுத்துகளை உண்டாக்கினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் மார்க்க நூல்களை அதில் எழுதினார்கள். தமிழ் எழுத்தே படிக்காத பெண்கள்கூடக் குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தறிவைக் கொண்டு அரபுத்தமிழ் நூல்களை வீட்டில் வாசித்தார்கள். பணிக்கர் வளர்ந்த பொன்னானிக்கும் அரபு-மலையாளம் என்று இதே போன்ற ஒரு மரபு உண்டு. அந்த ஒற்றுமை என்னைப் பிடித்துக்கொண்டது.

786 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு, அப்ஜத் என்பது அந்தக் கணக்கு. பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளைக் கூட்டினால் 786 வரும் என்பது அதன்படி. எழுத்து எண்ணாகிறது, எண் கடைப்பலகையில் ஒரு சின்னமாகிறது. ஒன்பது கட்டம் போட்டு 1 முதல் 9 வரை நிரப்பி, எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வரும்படி எழுதும் சதுரமும் அப்படித்தான். அதன் நாலு மூலையில் வரும் 2, 4, 6, 8 என்ற எண்களுக்குரிய அரபு எழுத்துகளைச் சேர்த்தால் புதூஹ் என்று வரும். கடிதம் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று அதை உறையின் மேல் எழுதும் வழக்கம் அரபு நாடுகளில் இருந்தது. அதே பதினைந்து கூட்டுச் சதுரம் நம் ஜோசியர்களிடம் சூரிய யந்திரமாக இருக்கிறது. பணிக்கர் கண்ணில் இது பட்டிருந்தால் விட்டிருப்பாரா?

இவற்றைக் கொண்டுதான் படத்தைச் செய்தேன். நாலடிக்கு மூன்றடித் துணி. முதல் வேலை தளம். பணிக்கரின் தளம் கடற்கரை வெயிலில் வெளுத்த வெள்ளை. அதை அப்படியே எடுத்தால் படம் அவருடையது போலத் தோன்றும், ஆனால் நம் ஊர் அதில் வராது. குறுவைக்குத் தண்ணீர் விட்டு உழுது, பரம்படித்து, நடவுக்கு முன்னால் கிடக்கும் சேற்றின் நிறம் ஒன்று இருக்கிறது. சாம்பலும் இல்லை, பழுப்பும் இல்லை, மேலே வானத்தின் ஒரு பூச்சு. வெண்ணாற்றங்கரையில் நின்றால் கண் நிறைய அதுதான். வெள்ளையில் கொஞ்சம் கறுப்பும் மண்மஞ்சளும் சேர்த்து, உலர உலரத் தேய்த்து, மறுபடி பூசி அந்த நிறத்தைக் கொண்டுவந்தேன். தளம் சேறானதும் மற்றதெல்லாம் மாறிவிட்டது. பணிக்கர் கோடுகள் காகிதத்தில் எழுதியவை போல மேலே நிற்கும். என் கோடுகள் ஈரத்தில் அழுந்த வேண்டியிருந்தது. ஆகவே தூரிகையை விட்டுவிட்டு மூங்கில் குச்சியைச் சீவி, பூச்சு காய்வதற்குள் கீறினேன்.

பேரேட்டின் நெடுங்கோடுகள் படத்தின் எலும்பு. அவற்றின் மேல் நில அளவை வரைபடத்தில் வரும் வயல்களின் கோணல் எல்லைகள். நேர்கோட்டுக் கணக்கும் கோணல் வரப்பும் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் சின்னச் சின்னக் கட்டங்கள் தாமாகவே உண்டாயின. சிலவற்றில் தமிழ்ப் பின்னக் குறிகள், காணி, அரைக்கால், முக்கால். சிலவற்றில் அரபுத்தமிழ் எழுத்துகள். ஒரு பக்கம் முழுவதும் ஒற்றைச் செங்குத்துக் கோடான அலிஃப் எழுத்தை வரிசை வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். தூரத்தில் நின்று பார்த்தால் நட்டு முடித்த நாற்று வரிசை. அது நானாக யோசித்துச் செய்தது இல்லை. எழுதிக்கொண்டே போகும்போது தளத்தின் நிறம் அதை நாற்றாக்கிவிட்டது.

இங்கே ஒரு முடிவைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெரியவர்கள் கேட்கக் காத்திருக்கிறார்கள். படத்தில் இறைவசனம் ஒன்றுகூட இல்லை. பணிக்கரின் வழியில் எழுத்து உடைகிறது, சிதைகிறது, வாசிக்க முடியாததாகிறது. வேத வாக்கியத்தை அப்படி உடைக்க எனக்கு உரிமை கிடையாது, எனக்கு அதில் விருப்பமும் இல்லை. பீங்கான் தட்டில் இறைவசனத்தைக் குங்குமப்பூவால் எழுதி, தண்ணீரில் கரைத்து நோயாளிக்குக் குடிக்கக் கொடுத்த வீடுகளில் வளர்ந்தவன் நான். எழுத்துக்கு அந்த வீடுகளில் இருந்த மரியாதையை நான் கண்டிருக்கிறேன். ஆகவே படத்தில் இருப்பது எல்லாம் கடைக்கணக்கின் எழுத்து, 'சுகம், சுகத்துக்கு எழுதவும்' என்று போகும் வீட்டுக் கடிதத்தின் எழுத்து. அவையும் முழுச் சொல்லாக வராமல் துண்டுகளாக வரும். உருவம் வரைவதில் நம்மில் பலருக்குத் தயக்கம் இருப்பதும் எனக்குத் தெரியும். பணிக்கர் திறந்துவிட்ட இந்த வழியில் எழுத்தும் எண்ணும் அளவும் மட்டுமே கொண்டு ஒருவர் ஆயுள் முழுவதும் வரையலாம். நம் பிள்ளைகளுக்கு, முக்கியமாக நம் பெண்பிள்ளைகளுக்கு, இந்த வழி பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படமும் எழுத்தும் கலப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதும் இல்லை. திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் 17-ஆம் நூற்றாண்டில் முசுகுந்தன் கதையை வரைந்திருக்கிறார்கள். காட்சிக்குக் காட்சி தமிழில் விளக்கம் எழுதியிருக்கும். வரைந்தவரான சிங்காதனத்தின் பெயரும் அங்கே இருக்கிறது. பழைய ஓவியர்கள் பெயர் சொல்லாமல் போன நாட்டில் இது அபூர்வம். மாணவர்களே, போய் அண்ணாந்து பாருங்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் வேறு மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. கருவறையைச் சுற்றிய இருட்டான பாதையில் சோழர் ஓவியங்களின் மேல் நாயக்கர் காலத்தில் சுண்ணம் பூசிப் புதிதாக வரைந்துவிட்டார்கள். 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி என்ற அறிஞர்தான் மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் உள்ளே சோழர் கோடுகள் இருப்பதைக் கண்டு சொன்னார். நாயக்கர் ஓவியர்களை நான் பழிக்க மாட்டேன், அவர்களுக்கு இடப்பட்ட வேலை அது. ஆனால் மூத்தவருக்கு மரியாதை செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அவர் மேல் நம்மைப் பூசிவிடும் ஆபத்து எங்களுக்கும் உண்டு. அதனால் நான் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். என் படத்தைப் பார்த்தவர் பணிக்கரின் படத்தைத் தேடிப் போக வேண்டும். போய்ப் பார்க்கும்போது முன்பு கண்ணில் படாத ஏதோ ஒன்று அவருக்கு அங்கே தெரிய வேண்டும். அந்த இரண்டும் நடந்தால் படம் தேறிவிட்டது. நடக்காவிட்டால் என் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது அவருக்கான வணக்கம் ஆகாது.

தேடிப் போக விரும்புகிறவர்களுக்கு இடம் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் அருங்காட்சியக வளாகத்துக்குள் பணிக்கரின் பெயரிலேயே ஒரு காட்சிக்கூடம் 1979 முதல் இருக்கிறது. அவருடைய எல்லாக் காலகட்டங்களும் அங்கே வரிசையாக உண்டு. சென்னைக்குப் போகிறவர்கள் சோழமண்டலத்துக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். அவரோடும் அவருக்குப் பின்னும் வந்தவர்களின் படங்களும் சிற்பங்களும் அங்கே இருக்கின்றன.

ஆதிமூலத்தைப் பற்றியும் பேச ஆசைதான். திருச்சி மாவட்டத்துக் கீழக்குறிச்சியில் பிறந்து, காந்தி நூற்றாண்டான 1969-இல் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தவர். சிறுபத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் அவர் எழுதிக் கொடுத்த தமிழ் எழுத்துருவங்கள் ஒரு தலைமுறையின் கண்ணையே மாற்றின. அவருக்குச் செய்ய வேண்டிய வணக்கத்தைப் பேனாவும் மையும் கொண்டு இந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் செய்யட்டும். அது வேறொரு சொற்பொழிவுக்குரிய பொருள்.

கடைசியாக ஊராரிடம் ஒரு வேண்டுகோள். பழைய வீடுகளை இடித்துக் கட்டும்போது பரணில் இருக்கும் பேரேடுகள், நாள்வழிகள், கப்பல் சீட்டுகள், அரபுத்தமிழ்க் கடிதங்கள் எல்லாம் எடைக்குப் போகின்றன. தயவுசெய்து போடாதீர்கள். கறையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, எண்ணெய் பட்டிருந்தாலும் பரவாயில்லை. நூலகத்தில் ஒரு அலமாரி ஒதுக்கித் தருவதாக இன்று காலையில்தான் சொன்னார்கள். கொண்டுவந்து கொடுத்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டு, வேண்டும் என்பவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். வியாபார ரகசியம் இருக்குமே என்று தயங்குகிறவர்கள் அந்தப் பக்கங்களை மட்டும் மடித்துக் கட்டிக் கொடுங்கள், நாங்கள் பிரிக்க மாட்டோம். ஓவியம் கற்கும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கத்தை எடுத்து, முதலில் அதை அப்படியே நகல் எடுத்துப் பழகட்டும். அரபுத்தமிழை இன்னும் சரளமாக வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இந்தச் சபையில் இருப்பதாக அறிகிறேன். அவர்கள் வாரத்தில் ஒரு மாலை நூலகத்துக்கு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்தால் பெரிய உதவியாக இருக்கும். உடைத்து வரைவதற்கு முன்னால் அவர்கள் அதை ஒழுங்காக வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

படம் இன்னும் சில நாள் அந்த அறையில் இருக்கும். கேள்விகள் இருந்தால் அங்கேயே வாருங்கள், படத்தின் முன்னால் நின்று பேசலாம்.